நாலு பேர், ஒரு பாத்ரூம், ஒரு சிங்க்: யார் கழுவுவது என்ற சண்டைக்கு வழி உண்டா?

நான்காம்மாடி கேட்டது:

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, நான்கு பேர் இருக்கிறோம். இருவருக்குப் பகல் வேலை, இருவருக்கு நைட் ஷிஃப்ட். புழக்கத்துக்குப் போர் தண்ணீர், நல்ல உப்பு. குடிக்க 20 லிட்டர் கேன். பாத்ரூம் ஒன்றுதான், வெஸ்டர்ன் டாய்லெட்டும் அதற்குள்ளேயே. காற்று வர மேலே ஒரு சின்னத் திறப்பு மட்டும்.

தரை வழுக்குகிறது. டைல்ஸிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் படலம், டாய்லெட்டுக்குள் மஞ்சள் கறை. வடிகாலில் இருந்து நாற்றம் வருகிறது. சிங்கில் தட்டும் குக்கரும் இரண்டு நாள் கிடக்கின்றன. இரவில் லைட்டைப் போட்டால் குட்டிக் கரப்பான்கள் ஓடுகின்றன. வாரம் ஒருவர் என்று முறை போட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். மூன்றாவது வாரமே நின்றுவிட்டது. "நான் இந்த வாரம் வீட்டிலேயே இல்லையே" என்பதுதான் எப்போதும் வரும் பதில்.

ஆசிட் ஊற்றி ஊறவைத்து, அதன்மேல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று ஒருவன் சொல்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்றிருக்கிறோம். சரியா? முறை போட்டும் நடக்காத வீட்டில் வேறு என்ன செய்யலாம்?

---

உப்புத்தண்ணி எழுதியது:

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைக் கைவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது குளோரின் சேர்மம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவன் மூக்குக்கு நேராகத்தான் நிற்கும். உங்கள் பாத்ரூம் அளவுக்கு ஒரு கைப்பிடி ப்ளீச்சிங்கே போதும் ஆபத்துக்கு. ஹார்பிக் போன்ற டாய்லெட் க்ளீனரும் அமிலம்தான், அதற்கும் இதே விதி. தப்பித் தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள், மற்றவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் தொல்லை கூடலாம் என்பதால், கொஞ்சம் சரியாகிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது.

அமிலம் வேறு அழுக்குக்கு, ப்ளீச்சிங் வேறு அழுக்குக்கு. உங்கள் பாத்ரூமில் மூன்று வகை அழுக்கு இருக்கிறது. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றுக்குப் போட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காய்ந்த இடத்தில் தங்கிவிடுகின்றன. சோப்பும் அவற்றோடு சேர்ந்து கரையாத பசையாகிறது. பக்கெட்டின் உள்பக்கம் விரலை வைத்தால் ஒட்டுகிறதே, அது இதுதான். இதற்கு அமிலம் வேண்டும், ஆனால் கடும் அமிலம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள் ஸ்பூன் கரைத்து, பழைய துணியை அதில் நனைத்துக் குழாயிலும் டைல்ஸிலும் அரை மணி நேரம் ஒட்டி வைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பக்கெட், மக் எல்லாவற்றையும் அதே கரைசலில் ஊறப்போடலாம். ஷவர் தலையில் ஓட்டை அடைத்திருந்தால் கழற்றி ஓர் இரவு போட்டுவையுங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் மேற்பூச்சு கறுத்துவிடும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் அது அரித்துவிடும். அப்புறம் அந்த இடுக்கில்தான் தண்ணீர் இறங்கி கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். தரை மார்பிளாகவோ மொசைக்காகவோ இருந்தால் எலுமிச்சை உப்புகூட ஆகாது.

வழுக்கல் என்பது நுண்ணுயிர்ப் படலம். பாசியும் சோப்புக் கழிவும் உடம்பு எண்ணெயும் சேர்ந்தது. இதற்கு முதலில் சோப்புத்தூளும் முரட்டு பிரஷும். படலத்தைத் தேய்த்து எடுத்து, கழுவிவிட்ட பிறகுதான் ப்ளீச்சிங். அழுக்கின்மேல் போட்டால் அழுக்கிலேயே குளோரின் செலவாகிவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கலக்கியதை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். பொட்டலத்தைத் திறந்து போட்டு வைத்தாலும் வீரியம் போய்விடும், மூடி இறுகிய டப்பாவில் கொட்டி வையுங்கள். எலுமிச்சை உப்பு வேலை ஒரு நாள், ப்ளீச்சிங் வேலை இன்னொரு நாள் என்று பிரித்துவிடுவது நல்லது. சிறுநீர் தேங்கிய இடத்திலும் நேரடியாக ப்ளீச்சிங் போடக் கூடாது, அதில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணைக் கரிக்கும் புகை வரும்.

டாய்லெட்டின் மஞ்சள் கறைக்கு டாய்லெட் க்ளீனர் சரி. நிறையப் பேர் தேங்கி நிற்கும் தண்ணீரிலேயே ஊற்றுகிறார்கள், அது நீர்த்துப்போய் வேலை செய்யாது. முதலில் பிரஷால் குத்தித் தண்ணீரைக் கீழே தள்ளுங்கள், அல்லது அரை பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள், மட்டம் இறங்கும். பிறகு விளிம்பின் அடியில் சுற்றி ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கறை செம்பழுப்பாக, குழாய் நீர் விழும் கோட்டில் மட்டும் இருந்தால் அது இரும்புக் கறை. அதற்கு ப்ளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

நாற்றத்துக்கு வருகிறேன், இதில்தான் கூட வசிப்பவர்களின் கைவரிசை இருக்கும். தரை வடிகாலின் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்க வேண்டும். நானி ட்ராப் என்பார்கள். அதில் ஏறத்தாழ இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நின்று, சாக்கடை வாயுவும் பெரிய கரப்பானும் மேலே வராமல் தடுக்கும். முடி அடைத்துத் தண்ணீர் தேங்கினால் யாராவது அந்தக் கிண்ணத்தையே கழற்றி மூலையில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் சர்ரென்று போகும், அன்றிலிருந்து வீடு நாறும். ஃபினாயிலை எத்தனை பாட்டில் ஊற்றினாலும் போகாது. கிண்ணத்தைத் தேடி மறுபடி வையுங்கள். ஜாலிக்கு மேல் ஒரு எவர்சில்வர் முடிச்சல்லடை போடுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் ஆகும். குளித்து முடித்தவர் சல்லடையில் இருக்கும் முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும், ஃப்ளஷ் செய்யக் கூடாது. எல்லோரும் ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது வடிகாலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். ட்ராப் காய்ந்தாலும் அதே நாற்றம்தான்.

கொதிக்கும் தண்ணீரை வடிகாலில் கொட்டச் சொல்வார்கள். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகும், இணைப்பு விட்டுப்போகும். வேண்டாம்.

கடைசியாக ஒரு வைப்பர். சுவரில் ஆணி அடித்துக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். குளித்தவர் தரையைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறையும். தண்ணீர் நிற்காத இடத்தில் உப்பும் படியாது, பாசியும் பிடிக்காது. அந்த மேல் திறப்பில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க ஓனரிடம் கேட்டுப் பாருங்கள்.

---

அடுப்படி எழுதியது:

பாத்ரூமுக்கு மேலே நல்லா சொல்லிட்டாங்க. நான் சமையலறைக்கு வர்றேன்.

சிங்க்ல பாத்திரம் சேர்றதுக்கு முக்கியக் காரணம், வீட்டுல பாத்திரம் அதிகமா இருக்கறதுதான். அலமாரில பன்னெண்டு தட்டு இருந்தா பன்னெண்டும் அழுக்காகுற வரைக்கும் யாரும் கழுவ மாட்டாங்க. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் வெளியில இருக்கணும். மிச்சத்தை மூட்டை கட்டி லாஃப்ட்ல ஏத்திடுங்க. எவர்சில்வர் தட்டா இருந்தா பாத்திரக் கடையில பேர் வெட்டித் தருவாங்க, இல்லேன்னா அடியில நெயில் பாலிஷால ஒரு குறி வைங்க. இதுக்கப்புறம் "இது யார் தட்டு"ன்னு கேக்கவே வேண்டாம். பசிக்கிறவன் தன் தட்டைத் தானே தேடிக் கழுவித்தான் ஆகணும். பத்துத் தடவை சொல்றதை விட இது வேலை செய்யும்.

பொதுப் பாத்திரம் தனிக் கணக்கு. குக்கர், வாணலி, மிக்ஸி ஜார். சமைச்சவன் கழுவ வேண்டாம், சாப்பிட்டவங்கள்ல ஒருத்தன் கழுவணும். ஆனா சமைச்சவன் ஒண்ணு செய்யணும்: காலி பண்ணின பாத்திரத்துல உடனே தண்ணி ஊத்தி வைக்கணும். சோறு காஞ்சு ஒட்டினதுக்கப்புறம் நாலு மடங்கு வேலை. ஊறவைக்கிறது அன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான், மறுநாள் வரைக்கும் போனா ஊற வெச்ச தண்ணியே நாறும். குக்கர் கேஸ்கெட்டைக் கழட்டித் தனியா கழுவணும், வெயிட் வால்வு ஓட்டையை ஊசியால குத்திப் பாக்கணும். மிக்ஸி ஜார்ல பிளேடுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர்ல தேங்கா மிச்சம் தங்கி நாறும். கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்தி ஒரு ஓட்டு ஓட்டிட்டு அப்புறம் பிரஷ் போடுங்க. இரும்பு தோசைக்கல்லை மட்டும் கம்பி நார் போட்டுத் தேய்க்க விடாதீங்க. எண்ணெய்ப் பதம் போயிரும், அடுத்த நாள் தோசை ஒட்டும், அதுக்கு ஒரு சண்டை வரும். சூடா இருக்கும்போதே துணியால துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வெச்சா போதும். கல்லுக்கு மேல சுவத்துல எழுதி ஒட்டிடுங்க.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை சிங்க்குள்ளயே போட்டு வெக்கக் கூடாது. பிழிஞ்சு நிமித்தி வெச்சுக் காயவிடணும், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். மேடை துடைக்கிற துணி வேற, தரை துணி வேற. நிறம் மாத்தி வாங்குங்க, எழுதி வைக்கிறதை விட நிறம் பேசும்.

சிங்க் அடியில பாருங்க. நெளிவுக் குழாய் நேரா சுவத்து ஓட்டைக்குள்ள போகுதா, ஓட்டை குழாயை விடப் பெருசா இருக்கா? நெறைய வாடகை வீட்டுல அப்படித்தான். அந்த இடைவெளி வழியாத்தான் நாத்தமும் பூச்சியும் வருது. ஹார்டுவேர் கடையில ரப்பர் காலர் கேளுங்க, இறுக்கமா மாட்டுங்க. நெளிவுக் குழாய்க்குப் பதிலா பாட்டில் மாதிரி தொங்கற பாட்டில் ட்ராப் இருந்தா அடியில பக்கெட்டை வெச்சுக் கையாலயே திருகிக் கழட்டலாம், மாசம் ஒரு தடவை காலி பண்ணுங்க. டீத்தூள், சோறு, பொரிச்ச எண்ணெய் மூணும் சிங்க்ல போகவே கூடாது. எண்ணெய் ஆறினதும் குழாய்ல கெட்டியா ஒட்டும், அதுல டீத்தூள் போய் மாட்டும். தட்டை முதல்ல குப்பையில தட்டிட்டு அப்புறம் சிங்க்ல போடணும்.

குப்பைத்தொட்டி ரெண்டு: மக்கும் குப்பை, மக்காத குப்பை. மக்கும் குப்பைத் தொட்டி சின்னதா, 5 லிட்டர் அளவுல இருக்கட்டும். பெரிய தொட்டி வெச்சா நிரம்புற வரைக்கும் எவனும் எடுக்க மாட்டான், வாழைப்பழத் தோல் மூணு நாள் உள்ள கிடக்கும், பழ ஈ மொய்க்கும். 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல ப்ளாஸ்டிக் பைக்குத் தடை, அதனால அடியில நியூஸ் பேப்பரை நாலா மடிச்சுப் போடுங்க, ஈரத்தையும் உறிஞ்சும். ராத்திரி கடைசியா வீட்டுக்கு வர்றவனோ, நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புறவனோ எடுத்துட்டுப் போகலாம். ஆனா யாருன்னு ஒரு பேர் இருக்கணும். "யாராவது"ன்னு விட்டா யாரும் எடுக்க மாட்டாங்க.

ஃப்ரிட்ஜுல ஆளுக்கு ஒரு தட்டு பிரிச்சுக்குங்க. கறி, மீன் மூடின டப்பாவுல, எப்பவும் கடைசித் தட்டுல. மேல வெச்சா ரத்தத் தண்ணி கீழ இருக்கற தயிர்ல சொட்டும். டப்பா மேல ஒரு ஸ்கெட்ச் பேனாவால தேதி. சமைச்சது நாலாவது நாள் இருந்தா கேக்காமலே கொட்டலாம்னு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க, அப்பத்தான் கொட்டினவன் மேல கோபம் வராது. சோறு விஷயத்துல கவனமா இருங்க. வேகவெச்சாலும் சாகாத ஒரு வகை பாக்டீரியா விதை அரிசியில இருக்கு. சென்னை வெக்கையில சோறு குக்கர்லயே மணிக்கணக்கா கிடந்தா அது பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுல வெக்கணும், மதிய வெயில்ல ஒரு மணி நேரம்தான் கணக்கு. தண்ணி ஊத்திப் புளிக்க வெச்சு காலையிலயே சாப்பிடுற பழைய சோறு வேற சமாச்சாரம். நான் சொல்றது மூடின குக்கர்ல மறந்துபோன சோறு.

இனி கரப்பான். வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு, அரை அங்குலம் இருந்தா அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையில இருந்து வர்ற பெரிய சிவப்புக் கரப்பான் வேற. இந்தக் குட்டி உங்க சமையலறைக்குள்ளயேதான் குடியிருக்கு: ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், கேஸ் அடுப்புக்கு அடியில, மிக்ஸி அடியில, அலமாரி கீல்ல. ஒரு பெண் பூச்சி ஒரு முட்டைப் பையில முப்பது நாப்பது முட்டை சுமக்கும், பொரியற வரைக்கும் உடம்போடவே வெச்சிருக்கும். ஸ்ப்ரே அடிச்சா கண்ணுல பட்டது சாகும், மிச்சம் அடுத்த ரூமுக்குப் பரவும்.

இதுக்கு ஜெல் மருந்துதான். ஃபிப்ரோனில் இல்லேன்னா இமிடாகுளோப்ரிட்னு அட்டையில போட்டிருக்கும். மசூர் பருப்பு அளவுக்கு ஒரு புள்ளி, ஆனா நெறைய இடத்துல. ஒரு பெரிய உருண்டையா வெச்சா காஞ்சுபோகும், வீண். கீல், இழுப்பறை உள்மூலை, ஃப்ரிட்ஜ் பின்பக்கம், சிங்க் அடி, ஸ்விட்ச் பெட்டி ஓரம். சாப்பாடு படுற இடத்துல வேண்டாம். தின்னுட்டு பொந்துக்குள்ள போய்ச் செத்ததை மத்தது தின்னும், அதுவும் சாகும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு, முட்டையில இருந்து வந்ததுக்காக மறுபடி வைங்க. ஜெல் வெக்கிறதுக்கு முந்தின ராத்திரி அடுப்பு, மேடை, சுவத்து எண்ணெயைச் சுத்தமா துடைக்கணும். வேற தீனி இருந்தா ஜெல் பக்கம் வராது. ஆன்லைன்ல வாங்கின அட்டைப்பெட்டியைச் சேத்து வெக்காதீங்க, அதுதான் அதுக்கு நல்ல வீடு. முக்கியமா, நாலு பேர்ல ஒருத்தன் ஸ்ப்ரே அடிச்சாலும் மொத்தமும் வீண். மருந்து வாசம் பட்ட ஜெல்லை கரப்பான் தொடாது.

---

நான்காம்மாடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நானி ட்ராப் கிண்ணம் வாஷிங் மெஷின் பின்னால் கிடந்தது, வைத்துவிட்டேன். ஆசிட் திட்டம் ரத்து.

இரண்டு கேள்விகள். மூன்று பேர் ஒத்துக்கொள்கிறோம். நான்காவது ஆள் வயதில் மூத்தவர், "நான் வீட்டில் இருப்பதே ஆறு மணி நேரம், அதற்கு ஏன் கழுவ வேண்டும்" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது? அடுத்தது, ஒருவனுக்கு இடுப்பில் வட்ட வட்டமாக அரிப்பு. இன்னொருவன் விரலிடுக்கில் சொறிகிறான், இரவில் அதிகம் என்கிறான். துண்டு, சோப்பு எல்லாம் பொதுவாகத்தான் புழங்குகிறது.

---

திண்ணை எழுதியது:

முறை ஏன் நின்றது என்றால், அது ஆளுக்கு வாரம் என்று இருந்தது. வாரம் மாறும்போது போன வார அழுக்கு அடுத்தவன் தலையில் விழுகிறது. அவன் "இது என் அழுக்கு இல்லை" என்கிறான், அவன் சொல்வதும் சரிதான். வாரத்தைப் பிரிக்காதீர்கள், இடத்தைப் பிரியுங்கள். ஒருவருக்குப் பாத்ரூம், ஒருவருக்கு அடுப்பு மேடையும் சிங்க்கும், ஒருவருக்குக் குப்பையும் கூடத்துத் தரையும், ஒருவருக்கு ஃப்ரிட்ஜ், தண்ணீர் கேன், கேஸ் பதிவு, கடைச் சாமான். மூன்று மாதம் அதே இடம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். தன் இடம் என்று ஆனால் மற்றவன் அழுக்காக்கும்போது இவனே கேட்பான்.

"சுத்தம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருவருக்குச் சுத்தம் என்பது பெருக்கியது, இன்னொருவருக்கு டெட்டால் வாசம். எப்போது முடிந்தது என்று கண்ணால் பார்க்க முடிகிற மாதிரி எழுதுங்கள்: சிங்க்கில் ஒரு பாத்திரமும் இல்லை, மேடை காய்ந்திருக்கிறது, சல்லடையில் முடி இல்லை, கமோட் உள்ளே மஞ்சள் கோடு இல்லை, தொட்டி காலி. நைட் ஷிஃப்ட்காரருக்கு நாளைக் குறிக்காமல் "ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள்" என்று முடிவு நேரத்தை மட்டும் குறியுங்கள். எப்போது செய்கிறார் என்பது அவர் பாடு.

மூத்தவரிடம் வாட்ஸாப் குரூப்பில் கேட்காதீர்கள். மூன்று பேர் ஒருவரைச் சூழ்ந்து கேட்பதும் கூடாது. அவர் தூங்கி எழுந்து டீ குடித்த பிறகு, ஒருவர் மட்டும் பேசுங்கள். அவர் குணத்தைச் சொல்ல வேண்டாம், பொருளைச் சொல்லுங்கள். "அண்ணே, நீங்க எதையும் கண்டுக்கிறதே இல்ல" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அண்ணே, குளிச்சதும் வைப்பர் ஒரு தள்ளு தள்ளிட்டு வந்துருங்க, பின்னாடி வர்றவன் வழுக்குறான். உங்க நேரத்துக்கு ஃப்ரிட்ஜும் தண்ணி கேனும் மட்டும் பாத்துக்கங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. ஆறு மணி நேரம் இருப்பவரும் தினமும் ஒரு தடவை குளிக்கிறார், கமோட்டை உபயோகிக்கிறார். அவர் பங்கு அதற்குத்தான்.

அப்படியும் முடியாது என்றால் பணம். வீட்டு வேலைக்கு அக்கா ஒருவரை அமர்த்தி நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "நான் சமைப்பதில்லை, எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் விலகினால் மற்ற மூவர் மேல் சுமை ஏறி இரண்டாவது மாதம் அதுவும் நிற்கும். ஆகவே வாடகையோடு சேர்த்து வசூலியுங்கள். பேசும்போதே எது எது வேலை என்று சொல்லிவிடுங்கள். பாத்திரமும் தரையும் ஒரு சம்பளம், பாத்ரூம் கழுவுவது பெரும்பாலும் தனி. இரண்டு நாள் பாத்திரத்தைச் சேர்த்து அவர் முன் குவிக்கக் கூடாது, அது முறையும் இல்லை, அவர் நின்றுவிடுவதற்குப் பாதிக் காரணமும் அதுதான். கையுறை வாங்கிக் கொடுங்கள், கடும் ஆசிட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

சாமான்களுக்குப் பொது நிதி வையுங்கள். மாதம் முதல் தேதி ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் 400. சோப்புத்தூள், பாத்திர சோப், டாய்லெட் க்ளீனர், ஸ்பாஞ்ச், துடைப்பத்துக்குச் சரியாக இருக்கும். சாமான் தீர்ந்துபோனதாலேயே பாதி வேலை நடக்காமல் போகிறது. கழுவப் போனவன் கையில் பிரஷ் இல்லை என்றால் அடுத்த வாரம் என்று ஒத்திப்போடுவான்.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் முடியாது. ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால் டைல்ஸ் அரித்ததற்கும் குழாய் அடைத்ததற்கும் அட்வான்ஸில் பிடிப்பது அவர் பணத்தில்தான். ஆகவே உங்களுக்குள் ஒரு பக்கத் தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள்: யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள், வெளியேறுவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெளியேறும்போது எந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். இன்றைய நிலையில் பாத்ரூம், சிங்க், சுவர் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

அரிப்பைப் பற்றி மட்டும். இரண்டும் வேறு வேறு நோயாக இருக்கலாம், இருவரும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடுப்பில் வட்டமாக, ஓரம் சிவந்து பரவுவது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை. ஈரத் துண்டு, ஒருவர் உள்ளாடை மேல் இன்னொருவர் துணி கிடப்பது, முழுக்கக் காயாத ஜீன்ஸ் இவற்றால் பரவும். மெடிக்கலில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும், பிறகு சாதாரண மருந்துக்கு அடங்காது. அதை வாங்காதீர்கள். மருத்துவர் சொன்ன நாள் முழுக்க மருந்து போட வேண்டும், வட்டம் மறைந்ததும் நிறுத்தக் கூடாது.

விரலிடுக்கில், இரவில் கூடும் அரிப்பு என்றால் சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ் என்று சந்தேகப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுகிறது. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு ஆரம்பிக்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதாவது மற்ற மூவருக்கும் இப்போதே இருக்கலாம், தெரியாமல். அதனால்தான் ஒருவர் மட்டும் மருந்து போட்டால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். மருத்துவர் உறுதிசெய்தால் நால்வரும் ஒரே இரவில் போட வேண்டும். வழக்கமாக 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் தருவார்கள், கழுத்துக்குக் கீழே பாதம் வரை, நக இடுக்கும் தொப்புளும் விடாமல் பூசி, காலையில் குளிப்பது. ஒரு வாரம் கழித்து மறுபடி. அரிப்பு மட்டும் இன்னும் சில வாரம் நீடிக்கலாம்.

அன்றே, கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை, போர்வை மாதிரி, காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். மனித உடம்பை விட்டு அந்தப் பூச்சி சில நாளுக்குமேல் உயிர்வாழாது.

துண்டை இன்றிலிருந்தே பிரியுங்கள். ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு கொக்கி, கொக்கிகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி. பாத்ரூமுக்குள் காயப்போட வேண்டாம், பால்கனிக் கொடியில். கட்டி சோப்பும் ஆளுக்கொன்று, தண்ணீர் வடியும் டப்பாவில். ரேசர் எந்தக் காரணத்துக்காகவும் பொதுவாக இருக்கக் கூடாது, அதில் ரத்தம் படும், ஹெபடைட்டிஸ் பி பரவும்.

இன்னொன்றும் பாருங்கள்: பாத்ரூமில் மூடாமல் நிறைத்து வைத்த பக்கெட், ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

---

நான்காம்மாடி எழுதியது:

நாளை இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அண்ணன் ஃப்ரிட்ஜும் கேனும் பார்க்க ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்: போன வாரம்தான் சமையலறை முழுக்க ஸ்ப்ரே அடித்தோம். இப்போது ஜெல் வைக்கலாமா?

---

அடுப்படி எழுதியது:

ஸ்ப்ரே பட்ட மேடை, அலமாரி எல்லாத்தையும் சோப்புத் தண்ணில ரெண்டு தடவை துடைச்சுக் காயவிடுங்க. முதல்ல மருந்து படாத இடமா பாத்து வைங்க: கீலுக்கு உள்பக்கம், இழுப்பறையைக் கழட்டினா தெரியற பின் இடுக்கு, ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓரம்.

கூடவே ஒட்டுப்பொறி அட்டை மூணு வாங்கி, அடுப்பு ஓரம், ஃப்ரிட்ஜ் பின்னாடி, சிங்க் அடியில ஒண்ணொண்ணா வைங்க. ஞாயித்துக்கிழமை எத்தனை ஒட்டியிருக்குன்னு எண்ணி அட்டையிலயே எழுதுங்க. அதிகமா ஒட்டுற இடம்தான் பொந்துக்குப் பக்கம், அடுத்த ஜெல்லை அங்க வைங்க. ரெண்டு வாரத்துல எண்ணிக்கை பாதியாவது குறையணும். புள்ளியைத் தின்னாம அப்படியே விட்டிருந்தா வேற மருந்துப் பேர் போட்ட ஜெல்லுக்கு மாறுங்க. இமிடாகுளோப்ரிட் வெச்சிருந்தா ஃபிப்ரோனில், ஃபிப்ரோனில் வெச்சிருந்தா இமிடாகுளோப்ரிட். மிச்சம் இருக்கற ஸ்ப்ரே டப்பாவை அண்ணன்கிட்டயே குடுத்துப் பத்திரமா வெக்கச் சொல்லுங்க.